பாசிட்டிவ் என்றொரு சொல்

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, நம் பங்கில் தையல் தொழில் செய்யும் சகோதரி ஒருவர் கணவருடன் நம் இல்லம் வந்தார். மார்பிலிருந்த சிறு கட்டியை அறுவைச் சிகிச்சையால் அகற்றிப் பன்னிரண்டு நாள்களே ஆகியிருந்தன. மருத்துவரைக் காண இன்னும் நான்கு நாள்கள் இருந்தன. திசுப் பரிசோதனை அறிக்கையை நீட்டி, "ஆங்கிலத்தில் இருக்கிறது, சுவாமி, வாசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

குருமடத்தில் ஆங்கிலமும் இலத்தீனும் கற்றோம் என்னும் துணிவில் வாசித்தோம். ‘கிரேடு 3’ என்றிருந்தது. மூன்றாம் கட்டம் என்று எண்ணிக்கொண்டோம். கீழே ‘ஈஆர் பாசிட்டிவ், பிஆர் பாசிட்டிவ்’ எனக் கண்டதும் நம் முகம் வாடிற்று. "இறைவன் சித்தத்திற்குப் பணிவோம், அம்மா" என்றோம். அவர் ஒன்றும் பேசாது எழுந்து சென்றார்.

மறுநாள் கணவர் மட்டும் வந்தார். "இனி மருத்துவமே வேண்டாம் என்கிறாள், சுவாமி. மகள் திருமணத்திற்குச் சேர்த்த பணத்தைக் கரைக்க மாட்டாளாம்."

நம் நெஞ்சு சுட்டது. வற்புறுத்தி அழைத்துக்கொண்டு, குறித்த நாளில் நாமும் உடன் சென்றோம். மருத்துவ அம்மையார் பொறுமையாக விளக்கினார்.

கிரேடு என்பது நோயின் கட்டமன்று. புற்றணுக்கள் இயல்பான அணுக்களினின்று எவ்வளவு மாறியுள்ளன, எவ்வளவு விரைந்து பெருகக்கூடும் என்பதை 1 முதல் 3 வரை குறிக்கும் அளவு அது. கட்டத்திற்குக் கட்டியின் அளவையும் நிணநீர்க் கணுக்களையும் பார்ப்பர். இவருக்குக் கட்டி 14 மில்லிமீட்டர். அக்குளில் எடுத்த இரு கணுக்களிலும் நோயில்லை. அகற்றிய திசுவின் வெளிப்புறத்தில் மை தடவிச் சோதிப்பராம். மை பட்ட விளிம்பில் புற்றணு காணப்படவில்லை. ஈஆர், பிஆர் பாசிட்டிவ் என்பதோ, ஹார்மோன் வழி மருத்துவம் பயன் தரக்கூடும் என்னும் நற்குறி. ‘ஹெர்2’ மட்டும் 2+ என ஐயத்திற்கிடமாய் இருந்தமையால் ‘ஃபிஷ்’ என்னும் மறுசோதனை தேவைப்பட்டது. கிரேடு 3 ஆதலின் கீமோதெரபியும் வேண்டியிருக்கலாம் என்பதை அவர் மறைக்கவில்லை.

சகோதரி நம்மைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியானால் அன்று சுவாமி சொன்னது?"

"தவறு, அம்மா. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றோம்.

மறுசோதனையில் ஹெர்2 நெகட்டிவ் என வந்தது. சிகிச்சைக்கு அவர் இசைந்தார். இன்று மாத்திரையும் உட்கொண்டு, தையலும் தைத்து வருகிறார்.

அன்பு வாசகர்களே, இப்போது அறிக்கையுடன் வருவோர்க்கு நாம் பொருள் சொல்வதில்லை. கட்டியின் அளவு, கிரேடு, விளிம்பு, கணுக்கள், ஈஆர், பிஆர், ஹெர்2 என மருத்துவரிடம் கேட்கவேண்டியவற்றை ஒரு தாளில் எழுதித் தருகிறோம். துணைக்கு ஆளில்லையெனில், உடன் செல்கிறோம்.