பட்டாம்பூச்சியும் சுடரும்

கற்பனை ரதத்தில் ஏறிக்கொள்ளுங்கள், டிக்கெட் கிடையாது! இதோ, 1860ஆம் வருஷத்துப் பாரிஸ் நகரம், ஆபரா அரங்கம். மேடையெங்கும் காஸ் விளக்குகள். ‘பட்டாம்பூச்சி’ என்ற பாலே நாட்டியம் நடக்கிறது. ஆடுகிறவள் எம்மா லிவ்ரி, வயது 18. நாட்டியத்தை அமைத்தவர் மாரீ தாலியோனி அம்மையார். 1832இல் இதே மேடையில் கால்விரல் நுனியில் நின்றாடி ஊரையே மயக்கியவர்!

கதைப்படி, தீப்பந்தத்தை நெருங்கிய பட்டாம்பூச்சிக்குச் சிறகு கருகுகிறது. எம்மாவின் பாவாடையோ பனிப்படலம் போன்ற மெல்லிய துணி. தீப்பிடிக்காத மருந்தில் அதைத் தோய்த்தால் விறைத்து நிறம் மங்கிவிடுமாம். வேண்டாமென்று எழுதியே கொடுத்துவிட்டாள். ஓடிப்போய்க் காதோடு எச்சரிக்கலாமென்றால், கற்பனைக்குக் குரல் ஏது?

1862 நவம்பரில், வேறொரு நாடகத்தின் ஒத்திகையில், காஸ் சுடர் பாவாடையைப் பற்றிக்கொண்டது. எட்டு மாதம் துடித்து, 20 வயதில் கண் மூடினாள். கருகி எஞ்சிய உடைத் துண்டுகள் இன்றும் பாரிஸ் ஆபரா மியூஸியத்தில் இருக்கின்றன.