மீண்டும் கேட்க முடியாதவை

திருமண ஓலை வாசிக்கப்படுமுன் மணமக்கள் தத்தம் பங்கு அலுவலகத்தில் திருமுழுக்குச் சான்றிதழ் பெறுவது நாம் அனைவரும் அறிந்த வழக்கம். அப்போது பழைய பதிவேடு ஒன்று விரிக்கப்படுகிறது. பிறந்த நாள், திருமுழுக்குப் பெற்ற நாள், பெற்றோர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர், அருட்சாதனம் வழங்கிய குருவின் கையொப்பம் என எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கின்றன. எழுதியவர் மறைந்து நெடுநாள் ஆகியிருக்கலாம். ஆயினும் பின்வந்தவர் எவரும் அதைப் பொருள் மயங்காமல் படிக்க முடிகிறது.

இத்தகைய ஏடுகளின் பயன் சான்றிதழோடு முடிந்துவிடவில்லை. பிரான்சு நாட்டின் நோர்மண்டிப் பகுதியில் க்ருலே என்றொரு சிற்றூர் உண்டு. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அவ்வூர்க் குருக்கள் எழுதி வைத்த பதிவேடுகளை லூயி ஆன்றி என்னும் மக்கள்தொகை அறிஞர், கோத்தியே என்பவருடன் சேர்ந்து குடும்பம் குடும்பமாக இணைத்து ஆராய்ந்து 1958-இல் நூலாக வெளியிட்டார். அக்காலத்து எளிய மக்கள் எந்த வயதில் மணந்தனர், எத்தனை பிள்ளைகளைப் பெற்றனர், எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்தனர் என்பதெல்லாம் அதனால் தெரியவந்தன. அந்தக் குருக்கள் ஆராய்ச்சிக்காக எழுதியவர்கள் அல்லர். ஒழுங்காக எழுதினார்கள், எழுதியதைப் பேணினார்கள், அவ்வளவே.

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் பணிபுரியும் எங்களுக்கு இந்த எடுத்துக்காட்டு அடிக்கடி நினைவுக்கு வரும். ஏனெனில் நூல் வழங்குவதோடு இன்னொரு வேலையும் இந்நாளில் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஆய்வு மாணவர்கள் தாங்கள் திரட்டும் தரவுகளை எப்படிப் பெயரிட்டு, விளக்கி, பாதுகாத்து, உரிய முறையில் பிறருக்கு வழங்குவது என்று கற்பிக்கும் வேலை அது. அளவீடுகள், நேர்காணல் ஒலிப்பதிவுகள், வினாத்தாள் விடைகள், ஒளிப்படங்கள் என ஆய்வேட்டுக்கு அடித்தளமாக நிற்பவை யாவும் தரவுகளே. 2009-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளுக்குப் பின்னர், முடிந்த ஆய்வேடுகள் சோத்கங்கா என்னும் மின்களஞ்சியத்தில் சேர்கின்றன. ஆனால் அந்த ஆய்வேட்டைத் தாங்கி நின்ற தரவுகளோ பெரும்பாலும் மாணவரின் மடிக்கணினியிலேயே தங்கி, அதனோடு மடிந்துபோகின்றன.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை அன்று. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், 2 முதல் 22 ஆண்டுகள் பழமையான 516 உயிரியல் கட்டுரைகளின் மூலத் தரவுகளைத் தேடிப் பார்த்தார்கள். கட்டுரைக்கு வயது ஓராண்டு கூடும்தோறும் தரவு கிடைக்கும் வாய்ப்பு விகிதம் 17 விழுக்காடு குறைந்தது. ஆய்வாளரின் மின்னஞ்சல் முகவரி செயலற்றுப் போயிருந்தது; அல்லது, தரவு இன்று திறக்க இயலாத பழைய சாதனம் ஒன்றில் அடைபட்டிருந்தது. திருடன் எவனும் வரவில்லை, தீயும் பிடிக்கவில்லை. கவனிப்பார் இன்மையால் மட்டுமே அவை அழிந்தன.

அழிந்தால் என்ன, மீண்டும் திரட்டிக்கொள்ளலாமே என்று சிலர் எண்ணலாம். அந்த எண்ணத்தை எங்களிடமிருந்து அடியோடு அகற்றிய நிகழ்ச்சி ஒன்று உண்டு.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் குமரி மாவட்டக் கடலோர ஊர்கள் பலவும் தங்கள் ஆண்மக்களைக் கடலுக்குக் கொடுத்தன. கணவரை இழந்த பெண்களின் வாழ்வைப் பற்றி ஆராய்ந்த மாணவி ஒருவர், 40-க்கும் மேற்பட்ட பெண்களின் வீடுகளுக்கு நடையாய் நடந்து, அவர்கள் வாய்மொழியைப் பதிவு செய்திருந்தார். மடிக்கணினியில் ஒரு படி, பென் டிரைவில் ஒரு படி. இரண்டும் ஒரே பையில் இருந்தன. பேருந்துப் பயணமொன்றில் அந்தப் பை தொலைந்தது. கணினி கிடைக்காவிட்டாலும் அதில் உள்ளதையேனும் மீட்க முடியுமா என்று கேட்டு நூலகத்துக்கு வந்தார். வழிகாட்டிப் பேராசிரியருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்த 6 பதிவுகள் மட்டுமே எஞ்சின.

அவர் மீண்டும் அந்த ஊர்களுக்குச் சென்றார். சிலர் இரக்கப்பட்டு மறுபடியும் பேசினார்கள். ஆனால் முதிய தாய் ஒருவர், “ஒருக்கச் சொன்னேன் மக்களே, இனிச் சொல்ல என்னக்கொண்டு ஆவாது” என்று கூறிக் கதவருகிலேயே நின்றுவிட்டாராம். மாணவி இதை எங்களிடம் சொன்னபோது, அந்தத் தாயைக் குறை கூறவில்லை; நெடுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வயலின் மண்ணை இன்னொரு முறை அள்ளி ஆராயலாம். துயருற்றவரிடம் சென்று, உம் துயரத்தை இன்னொரு முறை தாரும் என்று கேட்பதற்கு யாருக்கு உரிமை இருக்கிறது?

அன்று முதல் எங்கள் வகுப்பில் பெயரும் ஊரும் குறிப்பிடாமல் இதைச் சொல்லியே பாடத்தைத் தொடங்குகிறோம். பாடம் எளியது. ஒவ்வொரு தரவுக்கும் 3 படிகள் வேண்டும். அவை 2 வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். பிறகு, அவரவர் கோப்புகளின் பெயர்களைத் தாளில் எழுதச் சொல்வோம். ‘கடைசி’, ‘புதிய கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்று வரிசை நீளும், வகுப்பே சிரிக்கும். எது உண்மையிலேயே கடைசி என்று கேட்டதும் சிரிப்பு அடங்கிவிடும்.

அதன்பின் ஒருவர் அட்டவணையை மற்றவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வோம். வயது என்ற தலைப்பின்கீழ் 99 என்று நிற்கும். அது மூதாட்டி ஒருவரின் வயதா, விடை கிடைக்கவில்லை என்பதற்கு இட்ட குறியா? எழுதியவருக்குத் தெரியும். இரண்டாண்டு கழிந்தால் அவருக்கும் தெரியாது. கணினியும் தன் பங்குக்குக் குழப்பம் செய்யும். ‘மார்ச்1’ என்பதுபோல் சுருக்கக் குறியீடு கொண்ட மரபணுப் பெயர்களை எக்செல் மென்பொருள் தேதி என்று கருதி மாற்றிவிட்டதால் எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளில் பிழை புகுந்தது. இறுதியில் 2020-இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே அறிஞர்கள் மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே, ஒவ்வொரு தலைப்பும் எதைக் குறிக்கிறது, எந்த அலகில் அளந்தது, எந்த நாளில் யார் திரட்டியது என்ற விளக்கக் குறிப்பைத் தரவோடு சேர்த்தே வைக்கச் சொல்கிறோம்.

பேணுதல் போலவே மறைத்தலும் ஒரு கடமையாகும். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று மாணவர்கள் எண்ணுகின்றனர். ஆனால் சிறிய கடலோர ஊரில், ‘படகு உரிமையாளரின் மனைவி, இரட்டைப் பெண் குழந்தைகளின் தாய்’ என்று எழுதினாலே அது பெயர் சொன்னதற்கு ஒப்பாகும். நம்பி வாய் திறந்தவரை ஊரார் முன் நிறுத்திவிடலாகாது. எதை எல்லாருக்கும் திறந்து வைப்பது, எதை அனுமதி பெற்றவருக்கு மட்டும் காட்டுவது, எதை அழித்துவிடுவது என்பதை ஆய்வின் தொடக்கத்திலேயே தீர்மானித்து, தகவல் தருவோரிடமும் சொல்லி இசைவு பெற வேண்டும். திறந்து வைக்கத் தகுந்தவற்றை, ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையமான செர்ன் 2013 முதல் நடத்திவரும் செனோடோ போன்ற களஞ்சியங்களில் கட்டணமின்றிச் சேர்த்து வைக்கலாம்.

தரவு அழிவதால் தொலைவது ஆய்வாளரின் உழைப்பு மட்டுமன்று. அவர் பெயருக்கும் பாதுகாப்பில்லாது போகிறது. கிரிகோர் மெண்டல் என்னும் அகுஸ்தீன் சபைத் துறவி, இன்று செக் நாட்டில் உள்ள பர்னோ நகரின் மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபியலுக்கு அடிகோலினார். 1936-இல் ரொனால்ட் ஃபிஷர் என்னும் புள்ளியியல் அறிஞர், மெண்டலின் எண்கள் எதிர்பார்ப்புக்கு அளவுமீறிப் பொருந்துகின்றன என்று ஐயம் எழுப்பினார். பலரும் மெண்டலுக்காக வாதாடியிருக்கிறார்கள். ஆனால் அவருடைய சோதனைக் குறிப்பேடுகள் எஞ்சவில்லை. அவர் கண்டறிந்த உண்மை நிலைத்துவிட்டது. அவருக்காகச் சான்று சொல்லத் தோட்டத்து ஏடு ஒன்றும் இல்லை.

நூல் அடுக்குவோருக்கு ஆராய்ச்சியில் என்ன வேலை என்று எங்களைக் கேட்டவர்களும் உண்டு. கேள்வியில் தவறில்லை. வேதியியலோ சமூகவியலோ கற்பிக்க நாங்கள் முற்படவில்லை. பொருளுக்கு ஏற்ற பெயரிடுதல், தேடுவோர் கண்டடையுமாறு வரிசைப்படுத்தல், காலத்தால் சிதையாமல் காத்தல், கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்தல் ஆகிய நான்கும் நூலகத்தின் தொன்மையான தொழில்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த சீர்காழி இரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது, நூல் பூட்டி வைப்பதற்கன்று, கைக்குக் கை செல்வதற்கே என்று நமக்கு உணர்த்துகிறது. அன்று நூலுக்குச் சொன்னது இன்று தரவுக்கும் பொருந்துகிறது.

இப்பணியில் பெயரோ புகழோ இல்லை. ஆய்வேட்டின் முகப்பில் மாணவரின் பெயர் இருக்கும். வழிகாட்டியின் பெயர் இருக்கும். விளக்கக் குறிப்பு எழுதச் சொல்லி வற்புறுத்தியவரின் பெயர் எங்கும் இராது. அதனால் எங்களுக்கு வருத்தமில்லை. தன் துயரத்தைச் சொன்ன ஒரு தாயின் குரல், அவள் விரும்பிய வரம்புக்குள், சிதையாமல் நின்றால் அதுவே எங்களுக்குப் போதிய கைம்மாறு.

வாசகரின் இல்லங்களிலும் ஆய்வு செய்யும் மகனோ மகளோ இருக்கலாம். அடுத்த விடுமுறைக்கு வரும்போது, படிப்பு எப்போது முடியும் என்று கேட்பதோடு நிறுத்திவிட வேண்டாம். திரட்டியவற்றின் மறுபடி எங்கே இருக்கிறது என்றும், அதைத் தந்தவர்களுக்கு என்ன வாக்குக் கொடுத்தாய் என்றும் பரிவோடு கேளுங்கள். வீட்டில் கேட்கப்பட்ட கேள்விகளோடு வரும் மாணவருக்கு வகுப்பில் நாங்கள் சொல்ல வேண்டியது மிகக் குறைவு.