74 சீட்டுகள்

பெர்கமோ, 2020 மார்ச் 11

நேற்றிரவு, நான் பராமரிக்கும் சின்யோராவை அம்புலன்ஸில் கொண்டுபோய்விட்டார்கள். உடல் முழுவதும் மூடிய உடுப்புடன் இரண்டு பேர் வந்தார்கள். கண் மட்டுந்தான் தெரிந்தது. நான் கூடப் போக முடியாது என்றார்கள். பையில் பல்செட், மூக்குக்கண்ணாடி, கைத்தொலைபேசி எல்லாம் வைத்துக் கொடுத்தேன். எண்பத்தாறு வயது. மகன் சிசிலியில், பாதை மூடியாயிற்று, அவரால் வர இயலாது. கொரோனா என்பதால் நானும் பதினாலு நாள் இந்த வீட்டுக்குள்ளேதான். அவர் திரும்பி வந்து, நான் இல்லாதபோது என்ன நடந்தது என்று கேட்பார். அதற்காக இந்தக் கொப்பி.

மார்ச் 13

இன்று ‘லேக்கோ டி பெர்கமோ’ நாளிதழில் மரண அறிவித்தல் மட்டும் 10 பக்கம்.

மார்ச் 14

சீட்டுப்பெட்டி அவர் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே மேசையில் கிடக்கிறது.

எங்களுடைய மாலைகள் அதோடுதான் கழியும். முதலில் பெர்கமோச் சீட்டில் பிரிஸ்கொலா ஆடுவோம். 40 சீட்டு, கிண்ணம், காசு, வாள், தடி என்று நாலு இனம். யாழ்ப்பாணத்தில் 304 சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவளுக்குத் துரும்பால் வெட்டுவதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் வென்றால் சின்யோரா மற்றப் பெட்டியைத் திறப்பார்.

அதில் இருப்பது விஸ்கொந்தி-ஸ்போர்சா டாரட் கட்டின் மறுபதிப்பு. அசலை 15ஆம் நூற்றாண்டின் நடுவில் மிலான் பிரபு பிரான்செஸ்கோ ஸ்போர்சாவுக்காக வரைந்ததாகக் கருதுகிறார்கள். ஓவியர் கிரெமோனாவைச் சேர்ந்த பொனிபாச்சோ பெம்போ என்பது பெரும்பாலானோர் கணிப்பு. 78இல் மிஞ்சியவை 74. 26 சீட்டு இதே ஊரின் அக்கதேமியா கரரா அருங்காட்சியகத்தில், இந்த வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. 13 இங்கேயே கொலியோனி குடும்பத்தின் சேகரிப்பைச் சேர்ந்தவை. மற்ற 35 நியூயோர்க் மோர்கன் நூலகத்தில். ஒவ்வொன்றும் 17 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் உயரம். படச் சீட்டுகளின் பின்னணியில் புள்ளி குத்தி அலங்கரித்த பொன் தகடு. பெயரும் கிடையாது, இலக்கமும் கிடையாது. மேல் விளிம்பில் ஆணித்துளை இருக்கிறது. எந்தக் காலத்திலோ யாரோ சுவரில் அடித்து வைத்திருக்கிறார்கள்.

சின்யோரா மூன்று சீட்டு விரிப்பார். “இது யார்?” என்று கேட்பார். அவ்வளவுதான் அவருடைய வாசிப்பு. தலையில் இறகு செருகி, காலுறை நழுவி, கந்தலோடு தடி சுமந்து நிற்கும் பித்தன் வந்தபோது, சங்கானைச் சந்தையில் திரிந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னேன். அவர் தான் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் வாயிற்காவலரைச் சொன்னார். அன்றிரவு பத்தரை மணி வரை அந்த இரண்டு பேரையும் பற்றியே கதைத்தோம்.

டாரட் சாத்திரம் பார்க்கப் பிறந்ததல்ல என்று அவர் உறுதியாகச் சொல்வார். 1440இல் புளோரன்சில் ஒருவர் எழுதிய நாட்குறிப்பில்தான் இந்தச் சீட்டைப் பற்றிய மிகப் பழைய செய்தி கிடைக்கிறது. அது எகிப்தியரின் இரகசிய நூல் என்று கூர் த ஜெபலென் பாரிசில் எழுதியது 1781இல். இடைப்பட்ட மூன்று நூற்றாண்டும் பெரும்பாலும் மேசையைச் சுற்றி இருந்து ஆடிய ஆட்டமாகவே அது வாழ்ந்தது.

மார்ச் 16

பின்னேரம் நானே கலைத்தேன். அவர் பிழைப்பாரா என்று கேட்டு மூன்று சீட்டு எடுத்தேன். மூன்றாவது மரணம்.

தலையில் வெள்ளைத் துணி கட்டிய எலும்புக்கூடு. ஒரு கையில் வில், மறு கையில் அம்பு. பயப்படாதே, இது மாற்றத்தின் சீட்டு, புதிய தொடக்கம் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. கொள்ளைநோயை வானத்திலிருந்து விழும் அம்பாக வரைந்த காலத்துப் படம் இது. அன்று இதைக் கையில் வாங்கியவர் புதிய தொடக்கத்தையா நினைத்திருப்பார்?

வைத்தியசாலைக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. திரும்பக் கலைத்தேன். ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குபவன் வந்தான். துரோகிகளை இப்படிச் சுவரில் வரைந்து அவமதிப்பது அந்நாளைய இத்தாலியில் வழக்கம். ஸ்போர்சாவின் தகப்பனையே ஒரு போப்பாண்டவர் இப்படி வரைவித்தார் என்று சின்யோரா சொல்லியிருக்கிறார். அவர் சொன்னபோது அது கதை. இன்று படத்தைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. மறுபடி கலைத்தேன். பிறகும் கலைத்தேன். எது வந்தாலும் அது அவரைப் பற்றியே சொல்வதுபோல் இருந்தது. இரவு சாப்பிடவில்லை.

மார்ச் 17

பெட்டியை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன்.

மார்ச் 19

நேற்றிரவு இராணுவ லொறிகள் சவப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வரிசையாக ஊரை விட்டுப் போயின. இங்கே எரிக்க இடமில்லை, வேறு ஊர்களுக்குக் கொண்டுபோகிறார்கள். இன்று எழுத முடியவில்லை.

மார்ச் 22

வெயில். யன்னல்களெல்லாம் துடைத்தேன். கை தானாக அலுமாரிக்கு மேலே போயிற்று.

அசலில் இல்லாத நாலு சீட்டையும் பதிப்பாளர் புதிதாக வரைந்து சேர்த்திருக்கிறார்: பிசாசு, கோபுரம், வாள் மூன்று, காசுக் குதிரைவீரன். முதல் இரண்டும் தொலைந்தனவா, தொடக்கத்திலேயே வரையவில்லையா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாள் மூன்று என்றால் இன்றைக்கு எல்லோரும் மூன்று வாள் துளைத்த இதயத்தைத்தான் நினைப்பார்கள். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கிய சோலா-புஸ்கா என்ற இன்னொரு இத்தாலியக் கட்டில் இருந்த அந்தப் படத்தை, பமேலா கோல்மன் ஸ்மித் 1909இல் தன் கட்டுக்கு எடுத்தாண்டார். அதிலிருந்து அது துயரத்தின் சீட்டாக உலகம் சுற்றுகிறது.

நாலையும் எடுத்துத் தனி உறையில் போட்டேன். இப்போது என் கையிலும் 74.

மார்ச் 23

தாதி ஒருவர் காணொளியில் கூப்பிட்டார். சின்யோராவின் தலையை ஒரு பிளாஸ்டிக் கவசம் முழுதாக மூடியிருந்தது. அதற்குள் ஒட்சிசன் பேரிரைச்சலோடு பாய்கிறதாம். வெளியிலிருந்து கதைப்பது உள்ளே கேட்காது, உள்ளிருந்து கதைப்பது வெளியே வராது. “கையை ஆட்டுங்கள், உங்களைப் பார்க்கட்டும்” என்றார்.

நான் ஆட்டினேன். அவர் பார்த்தார். அதற்கு மேல் என்ன செய்வதென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. கண்களில் இருந்த பயத்தை நான் முன்பு அவரிடம் கண்டதில்லை.

கட்டு பக்கத்தில் கிடந்தது. மேலிருந்த சீட்டை எடுத்துத் திரைக்கு நேரே பிடித்தேன். கிண்ண இராணி. கண் அசையவில்லை. அடுத்தது மணற்கடிகாரம் ஏந்திய கிழவர். கையை மெல்ல அசைத்து வேண்டாம் என்றார். அந்த அசைவு எனக்குத் தெரியும். பிரிஸ்கொலாவில் மோசமான சீட்டு வந்தால் அதைத்தான் செய்வார். பிறகு உலகம்: இரண்டு குழந்தைகள் ஒரு வட்டத்தைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள், வட்டத்துக்குள் மதில் சூழ்ந்த நகரம். விரலை நீட்டினார். என்னைக் காட்டவில்லை, எனக்குப் பின்னால் காட்டினார். எழுந்து தொலைபேசியை யன்னலுக்குத் திருப்பினேன். மேல்நகரமும் அதன் மதிலும் மாலை வெயிலில் தெரிந்தன. அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். தாதியும் எட்டிப் பார்த்தார். தானும் அதைப் பார்த்துக் கனநாளாயிற்று என்றார்.

மார்ச் 24

அழைப்பு இல்லை.

மார்ச் 30

தாதி இரண்டாம் தடவையாகக் கூப்பிட்டார். சின்யோரா நித்திரை. முகத்தை மட்டும் காட்டினார். நான் எந்தச் சீட்டையும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 5

யாழ்ப்பாணத்திலும் ஊரடங்கு. அம்மா தொலைபேசியில் கேட்டா: “ஏன் பிள்ளை, உந்தச் சீட்டில சாத்திரம் பாக்கிறியே?”

இல்லையென்று சொல்லிவிட்டு அதிர்ஷ்டச் சக்கரத்தைக் காட்டினேன். நடுவில் கண் கட்டிய தேவதை. ஒருவன் ஏறுகிறான், ஒருவன் உச்சியில் இருக்கிறான், ஒருவன் இறங்குகிறான். அடியில் வெண்தாடிக் கிழவர் நாலு காலில் தவழ்ந்தபடி முழுப் பாரத்தையும் முதுகில் தாங்குகிறார். உச்சியில் இருப்பவனைத்தான் அம்மா முதலில் கேட்பா என்று நினைத்தேன். “கீழ கிடக்கிற மனுசன் ஆர்?” என்றா. நான் பதில் சொல்ல முன்னம், அவவே அப்பாவின் கடைசி வருசங்களைச் சொல்லத் தொடங்கினா. அப்பாவைத் தூக்கிக் கழுவிய நாட்களைப் பற்றி அம்மா என்னிடம் கதைத்தது இதுதான் முதற்தடவை. நான் இங்கே வேறொருவரின் தாயைத் தூக்கிக் கழுவிக்கொண்டிருந்த அதே வருசங்கள்.

ஏப்ரல் 9

கவசம் கழற்றியாயிற்று. குரல் கீச்சென்று வந்தது. “சங்கானை ஆளைக் காட்டு” என்றார்.

ஏப்ரல் 20

மகன் கூப்பிட்டார். அம்மாவை வீட்டில் வைத்துப் பார்க்க முடியுமா என்று வைத்தியர்கள் யோசிக்கிறார்கள் என்றார். வீட்டை என்ன செய்வதென்பது அதற்குப் பிறகாம். எனக்கு வேலை இருக்குமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரவு முழுக்க அதே நினைவு.

மே 4

இன்றிலிருந்து வெளியே நடக்கலாம். முகக்கவசத்தோடு அக்கதேமியா கரரா வரை போனேன். அருங்காட்சியகம் பூட்டியிருக்கிறது. உள்ளே 26 சீட்டும் இருக்கும். திரும்பி வரும் வழியில், போன மாதம் அறிவித்தல் பக்கத்தில் நான் பார்த்த பெயர் ஒன்று ஒரு கடைப்பலகையில் இருந்தது.

சின்யோரா இப்போது ஒரு மறுவாழ்வு நிலையத்தில் இருக்கிறார். எழுந்து கதிரையில் இருக்கிறாராம். எப்போது வருவார், இந்த வீட்டுக்குத்தான் வருவாரா என்று யாரும் சொல்லவில்லை. வியாழன்தோறும் பத்து நிமிடம் காணொளியில் கதைக்க விடுகிறார்கள். மூன்று சீட்டு விரிக்க அந்த நேரம் போதும்.