கழித்தது போக மிஞ்சும் கரிசல்

ஆனி பிறந்துவிட்டால் கயத்தாறு வட்டாரத்தில் எதையும் உரக்கத்தான் பேச வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று, மறிக்க ஒரு மேடுகூட இல்லாத கரிசல்வெளியில் ஆவணி தாண்டியும் ஓயாமல் அடிக்கிறது. காற்று இருப்பது ஊரறிந்த சங்கதி. காற்றாடியை எந்தப் புள்ளியில் நடுவது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் சர்வே குழு ஒன்று வேண்டியிருக்கிறது. கடம்பூர் போகும் வழியில் அப்படியொரு குழுவோடு நானும் நடந்தேன்.

காற்றாலைத் தொழில் தமிழ்நாட்டில் 1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் தொடங்கியது. நல்ல காற்றுள்ள இடங்களை அந்தக் காலத்துச் சிறிய இயந்திரங்கள் முன்பே பிடித்துக்கொண்டன. மிச்சமிருப்பதில் தேட வேண்டியிருப்பதால் வரைபடம் இல்லாமல் இன்று வேலை நடப்பதில்லை.

குழுவில் வரைபடம் போடுபவர் ஓர் இளம்பெண். ஜீப்பின் பின்சீட்டில் மடிக்கணினியைத் திறந்து, பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் காற்று வரைபடத்தை முதலில் விரித்தார். வேகத்தின் மும்மடியாக ஆற்றல் ஏறும் என்பதால், நொடிக்கு 5 மீட்டர் வீசும் இடத்தைவிட 6 மீட்டர் வீசும் இடத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் ஆற்றல் உண்டு. அதன்பின் நடப்பதெல்லாம் கழித்தல். வீடுகளைச் சுற்றி 500 மீட்டர், குளங்கள், காப்புக்காடு, வல்லநாட்டு வெளிமான் சரணாலயம், நெடுஞ்சாலை, உயர் அழுத்தக் கம்பிகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. மிஞ்சிய நிலத்துக்குத் துணைமின் நிலையத்தின் தூரம், சரிவு, 50 மீட்டருக்கு மேல் நீளும் இறக்கையை ஏற்றிய லாரி திரும்பக்கூடிய பாதை என்று பார்த்து மதிப்பெண் போட்டார். “எதுக்கு எவ்வளவு மார்க்குன்னு முடிவு பண்றது நாங்கதான் சார், கம்ப்யூட்டர் இல்ல” என்றார். அதை அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

திரையில் தரிசு என்று பழுப்பாகக் கிடந்த இடத்தில் ஒரு பெரியவர் ஆட்டுக்கிடை போட்டிருந்தார். “இத தரிசுன்னு யாரு சொன்னா தாயி? கார்த்திகையில வந்து பாரு, உளுந்தும் பாசியுமா கெடக்கும்.”

அவர் சொன்னது முழு உண்மை. நிலத்துக்கு அந்த நிறம் தந்த செயற்கைக்கோள் படத்தை மேகமில்லாத கோடையில் எடுத்ததாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கரிசலிலோ விதைப்பு வடகிழக்குப் பருவமழையை நம்பி, புரட்டாசி ஐப்பசியில். கோடையில் பார்த்தால் இந்த மண் வெறும் வெடிப்புத்தான். மார்கழிப் படத்தையும் சேர்த்துப் பார்க்காமல் கரிசலுக்கு நிறம் பூசக் கூடாது என்பேன். ஒரு நிறத்தில் ஒரு குடும்பத்தின் வெள்ளாமையும் மேய்ச்சலும் கணக்கிலிருந்தே போய்விடுகின்றன. அந்தப் பெண் அங்கேயே குறித்துக்கொண்டார்.

பெரியவர் இன்னொன்றும் காட்டினார். காற்றாடிக்காக முளைக்குச்சி அடித்திருந்த இடத்தை ஒட்டி, கவனிக்காமல் தாண்டிவிடக்கூடிய ஒரு பள்ளம். அடைமழையில் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற ஓடை அது. கிரேன் நிற்கும் தளமும் பாதையும் அதன் குறுக்கே வந்தால் குளம் நிறையாது.

புள்ளியை நகர்த்துவது லேசான காரியமில்லை. முன்னால் நிற்கும் காற்றாடி கலக்கிவிட்ட காற்று பின்னால் இருப்பதற்கு வலுக்குறைந்துதான் போய்ச் சேரும். அதனால் காற்றின் திசையில் சுழல்வட்டத்தின் விட்டத்தைப்போல் 7 மடங்கும் குறுக்கே 5 மடங்கும் இடைவெளி விடுவது வழக்கம். 110 மீட்டர் விட்டமென்றால் 770, 550 மீட்டர். ஒன்றை அசைத்தால் வரிசையே அசையும். புதிய இடம் வேறொருவர் பட்டாவுக்குள் போய்விழும். இடத்தைத் துல்லியமாகக் குறிக்கும் டிஜிபிஎஸ் கருவியைத் தோளில் சுமந்த இரண்டு பையன்களும் அந்த வெயிலில் முணுமுணுக்காமல் மறுபடி அளக்கத் தொடங்கினார்கள். ஓடையை அதன் வளைவுகளோடு நடந்து பதிந்தார்கள். இந்தத் தொழில்மேல் எனக்கு மரியாதை வந்தது அவர்களைப் பார்த்துத்தான்.

ஓடையின் கோடு வரைபடத்தில் ஏறியது. கரையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளுவது என்ற பேச்சு மட்டும் முடியவில்லை. குழு 30 என்றது; பெரியவர் 50க்குக் குறைய மாட்டேன் என்று நின்றார்.