தபாலதிபரின் கொப்பி

முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தபாற்கந்தோர்களிற் பொதிகளை நிறுத்தும் பதிந்தும் பழகிய ஒருவர் நோயாளியாகும்போது தம் நோயையும் பதிவேட்டில் ஏற்றவே முற்படுவார். யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், 2019 ஆம் ஆண்டு மாரிகாலத்தில் வைத்தியசாலைக் கட்டிலொன்றிற் கிடந்த பதினெட்டு நாட்களும் எழுதிய கொப்பி அத்தகையது. இடப்பக்கத்திற் குடித்த நீர். வலப்பக்கத்திற் கழித்த சிறுநீர். நாள் முடிவில் இரண்டின் கூட்டுத்தொகையும், அதன் கீழே அடிமட்டம் வைத்து இழுத்த இரட்டைக் கோடும். தாதியர் கேட்டது சிறுநீரின் அளவை மட்டுமே. நீரின் கணக்கு அவராகச் சேர்த்துக்கொண்டது. வரவில்லாத செலவுக் கணக்கு அவருக்குக் கணக்காகத் தோன்றவில்லை.

அவருக்கு வயது 68. குளிரும் நடுக்கமும் இடுப்பு நோவும் இரண்டு நாட்கள் வருத்தின. மூன்றாம் நாள் பேச்சுத் தடுமாறவே வீட்டார் அவரை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு ஓடினர். சிறுநீர்த் தொற்றிலிருந்த பற்றீரியா குருதியிற் கலந்துவிட்டது. குருதி அமுக்கம் வீழ்ந்துகொண்டிருந்தது. அந்நிலையில் வைத்தியர்கள் தெரிந்தெடுத்த மருந்து ஜென்ரமைசின். நாளொன்றுக்கு ஒரு தடவை நாளத்தினூடாக ஏற்றப்பட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் எழுந்திருந்து பத்திரிகை வாசித்தார். அம்மருந்து அவரைக் காப்பாற்றியது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. இனி வருவதை வாசிப்போர் இதனை மறத்தலாகாது.

ஜென்ரமைசின் மண்ணிலிருந்து வந்த மருந்து. 1943 இல் அமெரிக்காவின் றட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அல்பேட் ஷாட்ஸ் என்னும் ஆய்வு மாணவர் மண்வாழ் நுண்ணுயிரொன்றிலிருந்து ஸ்ரெப்ரோமைசினைப் பிரித்தெடுத்தார். (1952 இல் அதற்கான நோபல் பரிசு அவருடைய பேராசிரியர் வக்ஸ்மனுக்கு மட்டுமே கிடைத்தது, மாணவர்கள் கவனிக்கவேண்டிய செய்தி.) அதே குடும்பத்தில் 1949 இல் நியோமைசின் வந்தது. அதனை ஊசியாக ஏற்றியபோது சிறுநீரகமும் செவியும் பழுதுற்றமையால், அது தோலுக்கும் குடலுக்கும் உரியதாக ஒதுக்கப்பட்டது. 1963 இல் வெளிவந்த ஜென்ரமைசின் இக்குடும்பத்திற் பின்வந்த பிள்ளை. சிறுநீரகத்துக்குத் தீங்கானதெனக் கருதப்பட்ட கொலிஸ்ரின் என்ற வேறொரு மருந்து 1970களிற் பெரிதும் கைவிடப்பட்டபோது, அதன் இடத்தைப் பிடித்தவற்றுள் ஜென்ரமைசினும் ஒன்று. வேறு மருந்துகளுக்கு அடங்காத பற்றீரியாக்கள் பெருகிய பின்னர் கொலிஸ்ரினும் மீள அழைக்கப்பட்டுவிட்டது. சிறுநீரகம் கொடுக்கும் விலை ஒருபோதும் முற்றாகத் தள்ளுபடியானதில்லை. ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது, அவ்வளவே.

அவ்விலை எவ்வாறு அறவிடப்படுகிறது? மனிதனின் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் சிறுநீரகத்திகள் உள. நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் திரவம் அவற்றில் வடிக்கப்பட்டு, ஒன்றரை லீற்றர் அளவினதே சிறுநீராக வெளியேற, எஞ்சியது குருதிக்கு மீள்கிறது. ஜென்ரமைசின் உடலிற் சிதைவடைவதில்லை. வந்த உருவிலேயே சிறுநீருடன் போய்விடுகிறது. ஆனால் வடிந்த திரவம் முதலிற் கடந்துசெல்லும் குழாய்ப் பகுதியின் கலங்கள், புரதங்களை உள்ளிழுக்கும் வாயிலினாலேயே இம்மருந்தின் ஒரு சிறு பங்கையும் உள்ளிழுத்துவிடுகின்றன. உள்ளே போனது எளிதில் வெளிவருவதில்லை. நாளுக்கு நாள் சேர்ந்து கலத்தை நோயுறச்செய்து ஈற்றிற் கொல்கிறது. ஐந்து முதல் ஏழு நாட்கள் கழிந்த பின்னரே பெரும்பாலும் பாதிப்பு வெளித்தெரியும். அவ்வாயிலுக்கு ஒரு கொள்ளளவு உண்டாதலால், நாளின் மருந்தைப் பலமுறை சிறிதுசிறிதாகக் கொடுப்பதிலும் ஒரே தடவையிற் கொடுப்பது தீங்கு குறைந்தது. தபாலதிபருக்கு ஒருதடவை ஏற்றப்பட்டதற்கு இதுவே காரணம். அவ்விடயத்தில் எவரும் தவறவில்லை.

கொப்பியைப் பார்ப்போம். முதல் நாள் கழித்தது 650 மில்லிலீற்றர். மூன்றாம் நாள் 1,400. ஆறாம் நாள் 2,300. எட்டாம் நாள் 2,700. பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறை எடுத்து வந்திருந்த மகனிடம் இவ்வேற்றத்தை அவர் பரீட்சைப் பெறுபேறு போலக் காட்டி மகிழ்ந்தார். சிறுநீரகம் பழுதானால் நீர் குறையும் என்பது ஊரறிந்த செய்தி. இங்கோ நீர் பெருகிக்கொண்டிருந்தது. எட்டாம் நாள் மாலை குருதிப் பரிசோதனை முடிவு வந்தது. அனுமதிக்கப்பட்ட அன்று 1.2 ஆக இருந்த கிரியேற்றினின் 3.4 ஆகியிருந்தது. இடையில் ஒருமுறையேனும் பார்த்திருக்கவேண்டும்; நோயாளர் நிலத்திலும் பாய் விரித்துக் கிடந்த அவ்விடுதியில் அது தவறிப்போயிற்று. ஊசி உடனே நிறுத்தப்பட்டது.

“தம்பி, வரவு செலவு சரியாத்தானே கிடக்குது? பிறகென்னத்துக்கு ஊசியை நிப்பாட்டினவை?” என்று அவர் மகனைக் கேட்டார்.

மகன் கலைப்பீட மாணவன்; அவனிடம் விடையில்லை. இளம் வைத்தியர் ஒருவர் கட்டிலருகே அமர்ந்து விளக்கினார். இம்மருந்தினால் நேரும் பழுதிற் பெரும்பாலும் சிறுநீர் குறைவதில்லை. நீரைச் செறிவாக்கும் ஆற்றல் முதலிற் கெடுவதால் அது பெருகவும் கூடும். நீர் போய்க்கொண்டிருக்கும்; போகவேண்டிய கழிவு குருதியிலே தங்கிவிடும். கிரியேற்றினினும் காலந்தாழ்த்தியே உண்மை சொல்லும்; தசை மெலிந்த முதியோரில் அது இயல்பான எண்ணாகக் காட்சியளிக்கும்போதே சிறுநீரகத்தின் ஆற்றல் பெரிதும் குறைந்திருக்கலாம்.

தபாலதிபர் சற்றுநேரம் கொப்பியையே பார்த்திருந்தார். “அப்ப நான் இவ்வளவு நாளும் வெறும் பையைத்தான் நிறுத்து அனுப்பியிருக்கிறன்” என்றார்.

வைத்தியர் கொப்பியை வாங்கிப் புரட்டினார். வலப்பக்கத்தை அன்றி இடப்பக்கத்தை அதுவரை எவரும் வாசித்ததில்லை. ‘இரவு 9 மணி, குளிசையுடன் 150’ என்று ஒவ்வொரு நாளும் எழுதப்பட்டிருந்தது. விடுதியில் இரவு ஒன்பது மணிக்கு அவருக்குக் குளிசை எதுவும் குறிக்கப்பட்டிருக்கவில்லை. விசாரித்தபோது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மட்டையை எடுத்துக் காட்டினார். முழங்கால் நோவுக்கென மருந்துக்கடையில் வாங்கிய டைக்குளோபெனக். வைத்தியசாலைக்கு வருமுன் இரண்டு கிழமைகளாகவும், வந்தபின் எட்டு இரவுகளும் அதனைத் தவறாது விழுங்கியிருக்கிறார். குருதியோட்டம் குறையும் வேளையிற் சிறுநீரகம் தன்னுட் புகும் நுண்குழாயை விரித்து வைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். அவ்விரிவைத் தடுப்பன இவ்வகைக் குளிசைகள். போதாக்குறைக்கு, இரவில் எழவேண்டிவரும் என்று மாலைக்குப் பின் நீரருந்தாமை அவருடைய நெடுநாள் வழக்கம். ஜென்ரமைசின் தனியே வந்து தாக்கவில்லை. கதவு முன்னமே திறந்திருந்தது.

ஊசியின் தீங்கை முன்னரே ஏன் சொல்லவில்லை என்று மகன் சினந்தான். சொன்னால் நோயாளர் அஞ்சி மருந்தை மறுத்துவிடுவர் என்பது விடுதிகளில் நெடுங்காலமாக நிலவும் எண்ணம். அவ்வெண்ணம் நோயாளரைக் குறைத்து மதிப்பது மாத்திரமன்று, வைத்தியருக்கே நட்டமானது. தபாலதிபர் சினக்கவில்லை. “உயிரோ சலப்பையோ எண்டு கேட்டிருந்தால் நானும் ஊசியைத்தான் கேட்டிருப்பன். ஆனா இது சலத்தைப் பாதிக்கிற மருந்தெண்டு சொல்லியிருந்தால் இந்தக் குளிசையைச் சொல்லியிருப்பன், டொக்டர்” என்றார். சலப்பையும் சிறுநீரகமும் வேறென்பதை அவ்வேளை எவரும் திருத்தவில்லை. குளிசை பற்றி அவர் எதனையும் மறைத்தாரல்லர். முழங்காலுக்கும் சிறுநீருக்கும் தொடர்புண்டென்று அவருக்குத் தெரியாது. அவருடைய பையிற் குளிசை இருந்ததென்று வைத்தியருக்குத் தெரியாது.

பதினோராம் நாள் கிரியேற்றினின் 4.1 வரை உயர்ந்தது. குருதிச் சுத்திகரிப்புப் பற்றிய பேச்சு எழுந்து, வீட்டில் இரண்டு நாட்கள் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. பின்னர் எண் தானாகவே இறங்கத் தொடங்கிற்று; அக்குழாய்க் கலங்கள் மீள வளரக்கூடியவை. வீடு திரும்பியபோது 2.3, இரண்டு மாதங்களின் பின் 1.5. அதற்குக் கீழே அது வரவில்லை. செவியின் உட்கலங்களோ மீள வளர்வதில்லை. இரவிற் சில்வண்டின் ஒலி தமக்குக் கேட்பதில்லை என்று அவர் சொல்கிறார். மருந்தினாலா, முதுமையினாலா என்று வைத்தியர்களால் உறுதிகூற முடியவில்லை.

வீட்டிலும் கொப்பி தொடர்ந்தது. ஆனால் இடப்பக்கத்தில் இன்னுமொரு கோடு இழுக்கப்பட்டு, குளிசைக்கெனத் தனி நிரலொன்று உண்டாயிற்று. 2020 மாசியில் முழங்கால் மீண்டும் வீங்கியபோது அவர் கொப்பியோடு மருந்துக்கடைக்குப் போய் அதனை விரித்து வைத்துவிட்டே மருந்து கேட்டார். கடைக்காரர் பழகிய கையாற் பழைய மட்டையை எடுத்தவர், நிரலை வாசித்துவிட்டுத் திரும்ப வைத்தார். அன்றைய பதிவு: ‘முழங்கால் நோ. பனடோல் 2. தண்ணீர் 200.’