கவிழ்ந்தால் ஏறத் தெரியுமா?

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அடுத்த மாதமே, கயாக் வாங்கி மீன் பிடிக்கப் போவதாக அவர் அறிவித்தார். "மீன் வேணும்னா மார்க்கெட்ல வாங்கலாமேப்பா!" என்று சிரித்தாள் மகள். மனைவி எதுவுமே சொல்லவில்லை. அதுதான் அவருக்குக் கொஞ்சம் கலக்கமாக இருந்தது.

சென்னைக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா கட்டுமரத்தில் போனவர். ஓர் ஆனி மாதம் கச்சான் காற்று அவரை நடுக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போக, மூன்றாம் நாள்தான் வேறு ஊர்க்காரர்கள் கொண்டுவந்து சேர்த்தார்கள். அன்றைக்கு அம்மா ஒரு முடிவெடுத்தார். மூத்தவன் கடலுக்கு, இளையவன் பள்ளிக்கூடத்துக்கு. இளையவர்தான் இவர். இப்போது வயது 61.

கடைக்குத் துணையாக அண்ணனையே அழைத்துப் போனார். காலால் மிதித்து ஓட்டும் பெடல் கயாக்கைத்தான் கடைக்காரர் முதலில் காட்டினார். இரண்டு கையும் தூண்டிலுக்குக் கிடைக்குமாம். அண்ணன் குனிந்து அடிப்பகுதியைப் பார்த்தார். "இது துருத்திக்கிட்டு இருக்கே, கரையில மணல்ல குத்தாதா?"

"தூக்கிக்கலாம் சார்."

"அலை முதுகுல வர்றப்போ இதைத் தூக்கறதா, துடுப்பைப் பிடிக்கறதா?"

காற்றடிக்கும் கயாக் மலிவு. மடித்து பீரோ மேல்கூட வைக்கலாம். "கெளுத்தி முள்ளைக் கேட்டுட்டு வாங்கு" என்றதோடு அண்ணன் அதை முடித்துவிட்டார். உள்ளே காலை நீட்டி உட்கார்கிற வகை ஆற்றுக்கு அருமையானது. கடலில் ஓர் அலை உள்ளே புகுந்தால், தண்ணீரை இறைத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

கடைசியில் வந்தது மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை. மூடிய உடம்பு, மேல்தளத்தில் ஓட்டைகள். அண்ணன் ஓட்டைக்குள் விரலை விட்டார். "தண்ணி ஏறுமே?"

"ஏறும், தானா இறங்கிடும். உள்ளே காத்து அடைச்சிருக்கிறதால மூழ்காது."

"அடப்பாவி, இது நம்ம கட்டுமரம்டா தம்பி!"

அவர் சொன்னது சரிதான். மரத்துக்கு மரம் இருக்கும் இடைவெளியில் தண்ணீர் வந்து போவதுதான் கட்டுமரத்தின் சூட்சுமமே. அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு போன ஆங்கிலேயர்கள்தான் இன்று அதை இரட்டை உடல் படகுக்கு வைத்திருக்கிறார்கள்! ஒரு வித்தியாசம் உண்டு. கட்டுமரம் தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கும். கயாக் லேசானது, மேலே நிற்கும். காற்று சுலபமாகத் தள்ளிவிடும். அதனால் உயரமான நாற்காலி வைத்த மாடல்களை அண்ணன் ஒதுக்கச் சொன்னார். அப்பாவை யாரும் பேச்சில் இழுக்கவில்லை. இருவர் மனதிலும் அவர்தான் இருந்தார்.

அடுத்து அளவு. 10 அடி நீளத்தில் அகலமானது ஆடாது, ஆனால் நகராது. 14 அடியில் ஒல்லியானது அம்பு மாதிரி போகும், 61 வயது இடுப்புக்கு ஆகாது. அலை அதிகம் இல்லாத பாக் நீரிணைப் பக்கம் வீடு இருந்தால் குட்டையானதே போதும். இங்கே கரையிலேயே அலை உடைகிறது. 12 அடி, முக்கால் மீட்டருக்குச் சற்று மேல் அகலம், 30 கிலோ எடை என்று முடிவானது. மணலில் இழுக்க, புதையாத பலூன் டயர் வைத்த வண்டியும் சேர்ந்தது. சின்னச் சக்கரம் வாங்கினால் கயாக்கோடு அதையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டிவரும்.

பணம் கட்டும் முன் அண்ணன் கேட்டார்: "கவுந்தா ஏறத் தெரியுமா?"

கழிமுகத்தில், லைஃப் ஜாக்கெட்டோடு, மனைவியும் மகளும் கரையில் நிற்க, சோதனை நடந்தது. முதல் மூன்று முறையும் அவரால் ஏற முடியவில்லை. கயாக் அவர் மேலேயே புரண்டது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கையால இழுக்காதே, காலை உதை! மீன் மாதிரி வயித்தாலே ஏறிப் படு, அப்புறமா திரும்பி உட்காரு!" என்று கத்தினார் அண்ணன். நான்காவது முறை ஏறினார். "இன்னொரு தடவை" என்றார் மனைவி. இந்த விஷயத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். ஐந்து தடவை ஏறிக் காட்டிய பிறகே கார்டு கைக்கு வந்தது.

வீட்டில் இப்போது சில சட்டங்கள் அமலில் இருக்கின்றன. கரையில் நிற்பவர் முகம் தெரிகிற தூரம்தான் எல்லை. துடுப்பு கயிற்றால் கயாக்கோடு கட்டப்பட்டிருக்கும். விசிலும், உறைபோட்ட போனும் உடம்பிலேயே இருக்கும், கயாக்கில் இருக்காது. கச்சான் வீசும் நாட்களில் கயாக் மொட்டை மாடியை விட்டு இறங்காது.

முதல் நாள் நான்கு கிழங்கான் கிடைத்தது. கயாக்கின் விலையை நான்கால் வகுத்துச் சொன்னாள் மகள். அண்ணன் மட்டும் பொரித்த மீனைப் புட்டுப் பார்த்துவிட்டு, "நாளைக்கு அதை நான் ஒரு தடவை எடுத்துட்டுப் போறேன்" என்றார்.