செல்சுவரின் பங்கு

பிளஸ் ஒன் தாவரவியலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு வாக்கியம் தலைகீழ்ப் பாடம்: செறிவு குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்குத் தண்ணீர் போகும். உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரைக் கரைசல் ஊற்றிச் செய்யும் சோதனையும் அதையே காட்டுகிறது. ஆனால் தாவரச் செல்லுக்குச் சுவர் உண்டு. உள்ளே புகும் நீரை அது எதிர்த்து அழுத்துகிறது. அந்த அழுத்தம் மனதில் பதியாதவரை நீரியல் திறன் வெறும் சூத்திரம்தான்.

அதனால் நான் முதலில் நுண்ணோக்கியைத்தான் எடுப்பேன். ரியோ இலையின் அடிப்புறத் தோலை உரித்துத் தண்ணீரில் வைத்தால் ஊதாச் செல்கள் சுவரோடு ஒட்டி நிறைந்திருக்கும். கவர்கிளாஸின் ஒரு விளிம்பில் உப்புக் கரைசலைச் சொட்டி, எதிர் விளிம்பில் வடிதாளால் உறிஞ்ச வேண்டும். ஊதா முதலில் மூலைகளை விட்டு விலகும். பிறகு நடுவில் உருண்டையாகச் சுருங்கும். அப்போது கேட்பேன்: "சுவருக்கும் ஊதாவுக்கும் நடுவுல என்ன இருக்கு?" "காத்து சார்" என்பார்கள். அங்கே நிற்பது உப்புக் கரைசல். சுவர் அதை உள்ளே விட்டுவிடுகிறது, தடுப்பது சவ்வு. இந்த ஒரு கேள்விக்காக ஒரு பீரியடே போனாலும் தகும்.

அதன்பிறகு கரும்பலகையில் செங்குத்தாக ஒரு கோடு. உச்சியில் பூஜ்யம், அது தூய நீரின் நீரியல் திறன். எல்லா எண்ணும் அதற்குக் கீழே. தண்ணீர் கீழ்நோக்கிப் போகும். −0.3, −0.5ஐவிடப் பெரியதா என்ற குழப்பம் இதில் பெருமளவு தீர்ந்துவிடும். அருகருகே இரண்டு செல்கள். முதல் செல்லின் கரைபொருள் திறன் −0.8 மெகாபாஸ்கல், அழுத்தத் திறன் +0.5, கூட்டினால் நீரியல் திறன் −0.3. (கார் டயரில் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 0.2தான் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.) பக்கத்துச் செல்லுக்கு −0.6, +0.1; கூட்டினால் −0.5. செறிவு மிகுந்த முதல் செல்லிலிருந்து குறைந்த செல்லுக்குத் தண்ணீர் போகிறது! மனப்பாட வாக்கியம் இங்கே உடைகிறது. அது உடையும் நாளில் பாடத்தை அவசரப்படுத்தக் கூடாது, பிள்ளைகள் வாதாடட்டும்.

வாதத்தின் நடுவே பிச்சாவரத்துக் கண்டல் மரத்தை இழுத்து வருவேன். வேரே பெரும்பகுதி உப்பைத் தடுத்துவிடுவதால் கண்டலின் சைலத்தில் ஏறுவது ஏறக்குறைய நன்னீர். வெளியே உப்பு நீர். செறிவை மட்டும் பார்த்தால் மரம் தண்ணீரை இழந்து காய வேண்டும். காயவில்லையே, ஏன்? நீராவிப்போக்கின் இழுவையில் சைலத்தின் அழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. 1965இல் ஷோலாண்டர் குழுவினர் கண்டல் கிளைகளை அழுத்தக் கலத்தில் வைத்து அளந்தபோது அது −3 மெகாபாஸ்கலுக்கும் கீழே இருந்தது. கடல்நீரின் நீரியல் திறன் ஏறத்தாழ −2.5. எந்தப் பக்கம் தண்ணீர் போகும் என்பதை இப்போது பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்.